1958 மாதிரி வெப்பிங்: டார்ட்மூரில் இடுப்பில் கட்டி நடந்த அனுபவம்

பிரிட்டனின் ராயல் மரீன்கள் கடற்படையைச் சேர்ந்த படை. 1982-ல் அர்ஜென்டினாவுடனான போரில் ஃபாக்லாந்து தீவுகளில் அவர்கள் இறங்கியபோது இடுப்பில் இருந்தது 1958 மாதிரி வெப்பிங், அதாவது சாமான்களைச் சுமக்கும் பெல்ட்டும் பைகளும் கொண்ட செட். அதே மாதிரியில் ஒரு செட்டை ராணுவ உபரிக் கடையில் வாங்கி, இங்கிலாந்தின் டெவனில் உள்ள டார்ட்மூர் மேட்டுநிலத்தில் சில வருடங்களாகக் கட்டிக்கொண்டு நடக்கிறேன். பயிற்சி பெறும் புதிய மரீன்கள் 30 மைலை 8 மணி நேரத்தில் முடிக்க வேண்டிய நிலமும் இதுதான். என் நடை அந்த வேகமெல்லாம் இல்லை.

செட்டில் பெல்ட், தோள்பட்டி, முன்னால் இரண்டு தோட்டாப் பை, பின்னால் கீழ்முதுகில் இரண்டு பை (கிட்னி பவுச்), தண்ணீர் பாட்டில் பை, போஞ்சோ என்ற மழைப் போர்வையைச் சுருட்டி வைக்க ஓர் உறை. எல்லாம் கெட்டியான பச்சைப் பருத்தித் துணி.

இதன் பெரிய பலம் எடை உட்காரும் விதம். முதுகுப்பை தோளைப் பிடித்துப் பின்னால் இழுக்கும். இதிலோ பாரம் முன்னும் பின்னுமாகப் பிரிந்து இடுப்பைச் சுற்றி நிற்கிறது, முதுகும் வியர்க்காது. பாறைமேட்டில் கைவைத்து ஏறும்போது வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஆனால் சமநிலை கெடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தின்பண்டமெல்லாம் முன்பைகளில் இருந்தால், மதியத்துக்குள் அவை காலியாகி, பெல்ட் முன்பக்கம் மேலே ஏறத் தொடங்கும். அதனால் வரைபடம், திசைகாட்டி, முதலுதவி முன்னால். சாப்பாடு, அடுப்பு, மழைச்சட்டை பின்னால். பிரிட்டிஷ் ராணுவத்தின் பழைய 1908 மாதிரி வெப்பிங்கிலேயே இந்தச் சிக்கல் உண்டு. அதில் முன்பைகளில் 150 தோட்டாக்கள் இருக்கும். சுடச் சுட முன்பாரம் குறைந்து, முதுகுப்பை பின்னால் இழுக்கும்.

அளவு மாற்றுவது பொறுமையைச் சோதிக்கும். பெல்ட்டின் உட்புறம் வரிசையாகத் துணி வளையங்கள். பைகளின் உலோகக் கொக்கிகளை அவற்றுக்குள் நுழைக்க வேண்டும். குளிரில் விறைத்த விரலால் நடக்காத காரியம். குளிர்காலத் தடிமன் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வீட்டிலேயே பொருத்திவிடுங்கள். வேகமாக இறங்கும்போது பைகள் குதிக்கும்; பக்கத்துப் பையோடு சேர்த்துக் கயிறு கட்டினால் அடங்கிவிடும். படைவீரர்களும் அப்படிக் கட்டியவர்கள்தான்.

மூடியின் அமைப்பு எனக்கு மிகவும் பிடித்தது. மூடிப்பட்டையின் ஓட்டை ஓர் உலோக வளையத்தின் மேல் உட்காரும். அந்த வளையத்துக்குள் ஒரு துணி நாக்கைச் செருகினால் பூட்டிக்கொள்ளும். கையுறையோடு ஒரே இழுப்பில் திறக்கலாம். சத்தமே கிடையாது, உடைவதற்குப் பிளாஸ்டிக்கும் இல்லை.

சரி, இனி குறை. தண்ணீர்தான் இதன் எதிரி. டார்ட்மூர் மழையில் ஒரு மணி நேரம் நனைந்தால் துணி விறைத்து, பாரமும் கூடிவிடும். அந்த நாக்குகூட ஊறிப்போய் வர மறுக்கும். காய இரண்டு நாளாவது ஆகும். கடலிலிருந்து இறங்கும் படைக்குப் பருத்தியா என்ற கேள்வி எனக்கு ஒவ்வொரு மழையிலும் வரும். ரசாயன ஆயுதப் பொருட்களையும் பருத்தி உறிஞ்சிக்கொள்ளும் என்பது பின்னாளில் பெரிய கவலையானது. 1990-ஐ ஒட்டி நைலானில் செய்த அடுத்த வெப்பிங் செட்டான பிஎல்சிஇ பரவலாக வந்தது.

இதைக் கட்டிக்கொண்டு ஃபாக்லாந்தில் நடந்தவர்களை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. சினூக் ஹெலிகாப்டர்களை ஏற்றி வந்த அட்லாண்டிக் கன்வேயர் கப்பல் மே 25 அன்று தாக்கப்பட்டு, மூன்று சினூக்குகள் போயின. ஆளைத் தூக்கிச் செல்ல வழியில்லாமல் ராயல் மரீன்களின் 45 கமாண்டோ என்ற படைப்பிரிவு நடந்தே கிளம்பியது. மூன்று நாளில் சுமார் 90 கி.மீ., ஒவ்வொருவர் மேலும் ஏறக்குறைய 36 கிலோ, காலடியில் சதுப்பு நிலம்.

வாங்குவதானால் பூஞ்சை வாடை இருக்கிறதா என்று முகர்ந்து பாருங்கள். தையல் ஓரங்களை விரலால் இழுத்துப் பாருங்கள். கொக்கிகளில் லேசான துரு இருந்தால் பரவாயில்லை. ஒரு நாள் நடைக்கு இந்த இடுப்புச் செட் தாராளமாகப் போதும். இதோடு வரும் பெரிய முதுகுப்பையில் இடம் குறைவு, கொக்கியில் தொங்கி ஆடவும் செய்யும். அதற்கென்று கூடுதல் பணம் தர வேண்டாம். அந்தக் காசில் உள்ளே போட நீர்புகா உறைகள் வாங்கிக்கொள்ளுங்கள்.