படிப்படியாகத் திறப்பதா, ஒரே நாளில் திறப்பதா?

பெருந்தொற்றில் மூடிய கடை, பள்ளி, அலுவலகம் எல்லாவற்றையும் ஒரேயடியாகத் திறந்துவிடலாமா, கொஞ்சம் கொஞ்சமாகவா என்று குழம்புகிறவர்களுக்காக இது.

விளைவு தெரிவது
படிப்படியாக: எதைத் திறந்ததால் தொற்று கூடியது என்று ஓரளவு பிடிபடும்.
ஒரே நாளில்: கூடினால் எதனால் என்று சொல்லவே முடியாது.

எனக்கு இதுதான் பெரிய விஷயம். கோவிட் தொற்றியவருக்கு அறிகுறி வர சராசரியாக 5 நாள், சிலருக்கு 14 நாள்கூட ஆனது, அப்புறம் பரிசோதனை, மருத்துவமனை என்று போய் எண்ணிக்கையில் தெரிவதற்குள் வாரங்கள் ஓடிவிடும். 2021-இல் இங்கிலாந்து நான்கு படிகளாகத் திறந்தபோது இடையில் குறைந்தது 5 வாரம் விட்டது இதனால்தான். டெல்டா என்ற உருமாறிய கோவிட் வைரஸ் பரவியதும், ஜூன் 21-க்குத் திட்டமிட்ட கடைசிப் படியை ஜூலை 19-க்குத் தள்ளிவைக்க முடிந்தது.

செலவு
படிப்படியாக: பாதி இருக்கை, முழு வாடகை.
ஒரே நாளில்: வருமானம் உடனே வரும், மறுபடி மூடினால் இரட்டை அடி.

இரண்டே நாற்காலி உள்ள முடிதிருத்தகத்தில் ஒன்றைக் காலியாக விடச் சொன்னால் பாதிப் பிழைப்பு போச்சு. உதவித்தொகை கொடுக்காமல் அதைச் சொல்வது அநியாயம்.

விதிகள்
படிப்படியாக: அடிக்கடி மாறும், குழப்பம்.
ஒரே நாளில்: எளிது.

தடுப்பூசி பரவலாகப் போட்டாயிற்று, மருத்துவமனையில் படுக்கையும் தாராளம் என்றால், சரி, ஒரேயடியாகத் திறக்கலாம். இல்லையென்றால் படிப்படியாகத்தான், அதிலும் திறந்தவெளி முதலில், காற்றோட்டமில்லாத அரங்குகள் கடைசியில்.