பிச்சரை லீசிங்ல எடுத்த கதை: அவுட் ஒஃப் த பார்க் பேஸ்போல் 26

ஸ்காபரோவில இருக்கிற மச்சான் போன மாரிக்குள்ள ஸ்ரீம் எண்டுற ஒன்லைன் கேம் கடையில எனக்கு ஒரு கேம் கிஃப்ட் பண்ணி விட்டவன், அவுட் ஒஃப் த பார்க் பேஸ்போல் 26. பேஸ்போல் எண்டா எங்கட எல்லேக்கு ஒரு பணக்காரச் சொந்தம் எண்டுற அளவுக்குத்தான் எனக்குத் தெரியும். ஆனா நாலு மட்ச் முதல் வெல்லுறவனுக்குப் பட்டம் எண்டுற 2025 ஃபைனலுக்கு அவன்ர ஊர் ரீம் ரொரன்ரோ புளூ ஜேய்ஸ் வந்ததால விடிய அஞ்சரைக்கு எழும்பி அவன் வீடியோ கோல்ல ரீவியைக் காட்டக் காட்ட ஏழு மட்ச்சும் பாத்தன், ஏழாவது 11 இன்னிங்ஸ் போய் 5-4 எண்டு லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸிட்ட தோத்தாச்சு. அவங்கட பிச்சர், அதாவது பந்து எறியிறவன், யமமொட்டோ ஆறாவது மட்ச்ச எறிஞ்சு வெண்டு குடுத்திட்டு அடுத்த நாளே திரும்பி வந்து ஏழாவதையும் எறிஞ்சு முடிச்சவன். அவனுக்கு 12 வருசத்துக்கு 325 மில்லியன் டொலராம். அந்தக் கடுப்பிலதான் மச்சான் கேமை அனுப்பினவன், "நீ ரீமை நடத்திக் காட்டு பாப்பம்" எண்டு.

இதில மட்டையும் பந்தும் உங்கட கைக்கு வராது, முதலே சொல்லிப்போடுறன். நீங்கள் ரீமைக் கொண்டு நடத்திற ஆள். ஆரை வாங்கிறது, ஆரை விடுறது, சம்பளம் எவ்வளவு, எல்லாம் எழுத்தும் நம்பருமா ஓடும். முதலாளி வருசா வருசம் இவ்வளவுதான் காசு எண்டு அளந்து தருவார், ரீம் சொதப்பினா உங்களையே கலைச்சும் விடுவார். என்ர செக்கன்ட் ஹாண்ட் லப்டொப்பிலயே நல்லா ஓடுது.

எனக்குப் பிடிச்ச இடம் சீசன் முடிஞ்சாப் பிறகு வாற ஃப்ரீ ஏஜென்ற் காலம். ஒப்பந்தம் முடிஞ்ச ஆக்கள் எல்லாம் சந்தைக்கு வருவினம், ஆரும் விலை கேக்கலாம். நான் ஜேய்ஸ எடுத்திருந்தன், ஒரு 29 வயசு பிச்சர் கண்ணில பட்டான், மணிக்கு 97 மைல் வேகம், ஆனா ஏஜென்ற் கேட்டது 7 வருசம், வருசத்துக்கு 30 மில்லியன். நான் 5 வருசம் தாறன், வருசத்துக்கு 33 எண்டன், மாட்டன் எண்டிட்டான். வெளியால மழை ஊத்துது, இரணைமடு வான் பாயப்போகுது எண்டு அம்மா கத்துறா, நான் இஞ்ச பிச்சரோட பேரம் பேசிக்கொண்டிருக்கிறன். வேற ரீம் ஒண்டும் கேக்குதாம் எண்டு மெசேஜ் வந்த உடன கை நடுங்கி ஏழு வருசத்துக்கும் ஓம் எண்டு அமத்திப்போட்டன்.

முதல் ரெண்டு வருசம் தங்கம். மூண்டாம் வருசம் வைகாசியில ஒரு மெசேஜ், முழங்கைச் சவ்வு கிழிஞ்சிட்டுதாம், ஒப்பரேசன், 14 மாசம் எறியேலாது. பின்னுக்கு நிண்டு பாத்த அண்ணை கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு கட்டு மிச்சம்?"

நாலு வருசத்துக்கு மேல எண்டன். சிரிச்சார். அவர் அஞ்சு வருச லீசிங்ல ட்ரக்டர் எடுத்து மூண்டாம் வருசம் எஞ்சின் போய், சிறுபோகம் முழுக்க அது மாமரத்துக்குக் கீழ நிக்க நிக்க மாசக்கட்டு கட்டின மனுசன். லீசிங்காரன் எஞ்சின் உடைஞ்சதெண்டு ஒரு மாசம் பொறுத்தவனோ? அண்டைக்குத்தான் எனக்கு விளங்கினது, இந்த வருசம் காசு காணுமோ எண்டுதான் நான் பாத்தன், ஆறாம் ஏழாம் வருசத்தை ஆர் கட்டுறது எண்டு பாக்கவே இல்லை.

பிறகு இருந்து தேடித் தேடி வாசிச்சன், நிச ரீமுகளும் இதே கிடங்கிலதான் விழுந்திருக்கு. வொஷிங்ரன் நஷனல்ஸ் 2015ல மக்ஸ் ஷேர்சர் எண்ட பிச்சருக்குக் குடுத்தது 7 வருசம் 210 மில்லியன். அவன் வருசத்தின்ர திறம் பிச்சருக்குக் குடுக்கிற சை யங் விருது ரெண்டு, 2019 சாம்பியன் பட்டம் எண்டு போட்ட காசை எடுத்துக் குடுத்திட்டான். பட்டம் வெண்ட அதே மாரியில அதே ரீம் ஸ்ராஸ்பேர்க் எண்ட இன்னொரு பிச்சருக்கு 7 வருசம் 245 மில்லியன் எழுதினது, அவன் அதுக்குப் பிறகு எறிஞ்சது எட்டே எட்டு மட்ச். ஷேர்சரின்ர காசிலயும் பாதியைப் பிறகு தாறம் எண்டு தள்ளி வச்சதால 2028 வரைக்கும் வருசம் 15 மில்லியன் கட்டோணும். 2025 ஏழாவது மட்ச்சுக்கு அவன் ஜேய்ஸுக்கு எறியேக்க நஷனல்ஸ் அவனுக்குக் கட்டிக்கொண்டிருக்கு, வித்த மாட்டுக்கு வைக்கல் போடுற மாதிரி!

இதுக்கு மேல லீக் போடுற வரி வேற. 2025ல ரீமின்ர சம்பளக் கணக்கு 241 மில்லியனைத் தாண்டினா தாண்டின காசுக்கு 20 வீதம், அடுத்த வருசமும் தாண்டினா 30, மூண்டாம் முறை 50. மூண்டாம் முறையாத் தாண்டி நிக்கிற ரீம் 30 மில்லியன்காரனை எடுத்தா அவன் 45 மில்லியன்காரன். ஜேய்ஸும் தோத்த கையோட டிலன் சீஸ் எண்ட பிச்சருக்கு 7 வருசம் 210 மில்லியன் குடுத்திட்டுது, டொலர் 300 ரூபா எண்டு வச்சாலும் 6,300 கோடி. மச்சானுக்குச் சந்தோசம், எனக்கு வயித்தைக் கலக்குது.

கேமுக்கு வருவம். எல்லாம் இங்கிலீஸ், சின்ன எழுத்து, பேஸ்போல் சொல்லுகள் தெரியாட்டி முதல் ஒரு கிழமை காட்டுக்க விட்ட மாதிரித்தான் இருக்கும். துடிப்பா அடிச்சு விளையாட நினைக்கிற பெடியள் வாங்காதேங்கோ. கணக்கு வழக்கு, பேரம் எண்டா விருப்பம் எண்டுற ஆக்கள் தாராளமா வாங்கலாம், வருசா வருசம் புதுசு வாறதால பழைய பதிப்பு மலிவு விலையில போகேக்க எடுங்கோ, ஆக்களின்ர பேர் கொஞ்சம் பழசா இருக்கும். என்ர கணக்கில 10க்கு 8.

இப்ப கேம்ல 2029 ஆடி. என்ர பிச்சர் திரும்பி வந்திட்டான், 97ல எறிஞ்சவன் 92ல எறியிறான், ஆரும் எடுக்கினமில்லை, பாதிச் சம்பளத்தை நான் கட்டுறன் எண்டாலும் எடுக்கினமில்லை. அண்ணை வயலால வந்து கால் கழுவ முதலே வாசல்ல நிண்டு கேக்கிறார், "டேய், உன்ர ட்ரக்டர் ஸ்ராட் ஆகுதோ?"