வெள்ளாடா, செம்மறியா? கறிக்கடையோடு மெஸ் நடத்துபவர்களுக்கு

சுற்றுவட்டார ஆட்டை வாங்கி, அறுத்து, அங்கேயே சமைத்துப் போடுவதென்றால் முதல் கேள்வி இதுதான். காங்கேயம், தாராபுரம் பக்கம் கிளுவை வேலிக்குள், கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலங்காயும் தின்று வளர்வது பெரும்பாலும் செம்மறி. அதனால் வரத்துக்குப் பஞ்சமில்லை. வெள்ளாடு தழை கடிக்கிற ஜாதி. பட்டிக்கு நாலைந்துதான் கிடைக்கும்.

20 கிலோ உயிர் எடைக்கு இரண்டிலும் 9 முதல் 10 கிலோ கறி நிற்கும். வித்தியாசமெல்லாம் கொழுப்பில். வெள்ளாட்டுக்கு அது குண்டிக்காயை (சிறுநீரகத்தை) சுற்றி உள்ளே தங்கும், சதையில் கொழுப்புக் குறைவு. செம்மறிக்குத் தோலடியிலும் சதையிலும் படரும்; கவிச்சியும் அதிலிருந்துதான்.

வறுவலுக்குச் செம்மறியே சரி. சின்ன வெங்காயம், விதை நீக்கிய வரமிளகாய், தேங்காய்ச் சில்லு போட்டுப் பள்ளிபாளையம் பக்குவத்தில் வதக்கினால் தன் கொழுப்பிலேயே சுருண்டு வரும். மேல்கொழுப்பைச் சீவாமல் விட்டால், ஆறியதும் தட்டில் வெள்ளையாக உறைந்து நிற்கும். மல்லி வறுத்தரைத்த குழம்புக்கும் எலும்புச் சாறுக்கும் வெள்ளாடு. கூடுதல் நேரம் வேகும், ஆனால் சாறு தெளிவாக இருக்கும்.

எந்த ஆடானாலும் அறுத்த சூட்டோடு ஃப்ரீசரில் திணிக்காதீர்கள். சதை சுருங்கி இறுகிவிடும், எத்தனை விசில் விட்டாலும் ரப்பர்தான். உடனே சமைத்துவிடுங்கள். இல்லையென்றால் 10 முதல் 15 டிகிரி குளிரறையில் அரை நாள் தொங்கவிட்டு, பிறகு 4 டிகிரிக்கு இறக்கி, மறுநாள் வெட்டுங்கள்.