மாற்றுத்திறனாளி அட்டைக்கு யாரிடமும் பணம் கொடுக்காதீங்க

மதுரையில் யுடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு அலைந்துகொண்டிருப்பவர்கள் கவனத்துக்கு. அந்த அட்டைக்கு அரசாங்கம் கட்டணம் எதுவும் வாங்குவதில்லை. எங்கள் சித்தியிடம் ஒருத்தர் 3,500 ரூபாய் கறந்துவிட்டார்.

சித்திக்குச் சின்ன வயதிலேயே போலியோ. சக்கர நாற்காலியில்தான் போகவர வேண்டும். திருமங்கலத்திலிருந்து தம்பி கூட்டி வந்திருந்தான். எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை, ஊரில் பாதி இடம் இப்படித்தான். வாசலில் மூன்று படி. பக்கத்தில் சாய்தளம் இருக்கிறது, இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் அதை அடைத்து வரிசையாக பைக். பைக்கை நகர்த்தினாலும் பிரயோஜனமில்லை. ஓரடி ஏற 12 அடி நீளம் வேண்டும் என்பது சாய்தளக் கணக்கு. அந்தப் படிகள் ஒன்றரை அடி உயரம், ஆக 18 அடி வேண்டும். அங்கே இருப்பது ஐந்தடி தேறினால் அதிகம், ஸ்கூட்டி ஏற்றத்தான் லாயக்கு. வெளியே நடைபாதையில் மஞ்சள் ஓடு வேறு பதித்திருக்கிறார்கள். கோடு போட்ட ஓடு என்றால் பார்வையில்லாதவர் நேரே நடக்கலாம், புள்ளி வைத்தது என்றால் நிற்க வேண்டும். இங்கே கோடு போட்ட ஓடு நேராகப் போய் டிரான்ஸ்பார்மர் வேலியில் முட்டுகிறது. எந்தப் புண்ணியவான் பதித்தாரோ!

யாராவது கீழே வந்து மனுவை வாங்கிக்கொள்ள முடியுமா என்று தம்பி உள்ளே போய்க் கேட்டிருக்கிறான். "இந்த மாதிரி ஆளுகள எதுக்குப்பா கூட்டிட்டு வர்றீங்க?" என்றாராம் சீட்டில் இருந்தவர். வாசலில் இருந்த சித்திக்கே அது கேட்டிருக்கிறது.

இந்த இடத்தில்தான் அந்த ஆள் வருகிறார். கையில் ஃபைல், சட்டைப் பையில் இரண்டு பேனா. "அக்கா, நீங்க எதுக்கு இந்த வெயில்ல சீரழியணும்? பேப்பரக் கொடுங்க, ஊனம் 80 சதவீதம்னு போட்டு வாங்கித் தர்றேன்." அரை மணி நேரமாக வாசலில் கிடந்தவரிடம் முதன்முதலாக மரியாதையாகப் பேசியது அவர்தான். அந்தப் படியும் சீட்டில் இருந்தவரின் அந்தப் பேச்சும் இல்லையென்றால் இவருக்கு அங்கே பிழைப்பே இல்லை.

பணத்தோடு ஆதார் நகல், போட்டோ எல்லாம் வாங்கிக்கொண்டார். விண்ணப்பமும் போட்டார், ஆனால் தன்னுடைய செல்போன் எண்ணைப் பதிந்து! ஓடிபி எல்லாம் அவருக்குத்தான் போகும். விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று நாங்கள் பார்க்கக்கூட முடியாது. அப்புறம், "டாக்டருக்குத் தனியா 2,000" என்றார். மறுத்ததும் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்.

ஊனச் சதவீதத்தை எந்தத் தரகரும் போட முடியாது. அரசு மருத்துவர்கள் ஆளை நேரில் பரிசோதித்துத்தான் போடுவார்கள். இந்த அட்டைக்கான அரசின் ஸ்வாவலம்பன் இணையதளத்தில் வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம். இ-சேவை மையத்துக்குப் போனால் அவர்களுடைய சேவைக் கட்டணத்துக்கு ரசீது கேளுங்கள். உங்கள் எண் பதிவாகிறதா என்று திரையிலேயே பாருங்கள். பதிவு எண்ணை வாங்காமல் எழுந்திருக்காதீர்கள்.

படி விஷயமும் சும்மா விடக்கூடியதில்லை. 2016-ம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களைச் சரிசெய்ய விதிகள் வந்ததிலிருந்து ஐந்து வருடம் கெடு. விதிகள் வந்தது 2017 ஜூனில், கெடு 2022-லேயே முடிந்தாயிற்று. மாற்றுத்திறனாளியைப் பொது இடத்தில் வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் அதே சட்டத்தின் பிரிவு 92-ன்படி ஆறு மாதத்திலிருந்து ஐந்து வருடம் வரை சிறை. அந்த சீட்காரருக்கு இது தெரிந்திருக்காது.

தரகர் மேல் போலீசில் புகார் கொடுத்திருக்கிறோம். திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் சாய்தளத்தின் போட்டோவோடு மனு கொடுக்கப் போகிறோம். இதே மாதிரி ஏமாந்தவர்கள் எழுதுங்கள், உங்கள் மனுவையும் சேர்த்துக் கொடுக்கலாம்.