சாரல் ஊருக்கு எந்த மைக்ராஸ்கோப்?

செங்கோட்டையில் வீட்டு மாடியில் டியூஷன் எடுக்கிறேன். பிள்ளைகளுக்காக இரண்டு வகை மைக்ராஸ்கோப்பும் வாங்கிப் பார்த்தாகிவிட்டது. முதலில் வாங்கியது பள்ளி லேபில் இருக்கும் கூட்டு நுண்ணோக்கி. அப்புறம் வாங்கியது தாளை மடித்துச் செய்கிற, ஒரே லென்ஸ் உள்ள ஃபோல்ட்ஸ்கோப். இப்போது கை போவது இரண்டாவதுக்குத்தான்.

உருப்பெருக்கம் என்று பார்த்தால் பெரியதுக்கு 100, 450 மடங்கு, சின்னதுக்கு 140. வெங்காயத் தோலுக்கும் குளத்துத் தண்ணீருக்கும் 140 போதும். விலையில் சின்னதுக்குப் போட்டியே இல்லை.

ஒரு லென்ஸா, பல லென்ஸா என்ற சண்டை பழையது. 1665-இல் ராபர்ட் ஹூக் தக்கையில் கண்ட சிற்றறைகளைப் படத்தோடு வெளியிட்டார். அவருடையது பல லென்ஸ் வைத்த கூட்டு நுண்ணோக்கி. டெல்ஃப்ட் நகரத் துணி வியாபாரி லேவன்ஹூக்கோ இரண்டு பித்தளைத் தகட்டுக்கு நடுவே ஒரே ஒரு குட்டி லென்ஸை வைத்து, 1683-இல் பல் அழுக்கில் பாக்டீரியா வரை பார்த்துவிட்டார். காரணம் எளிது. அன்றைய லென்ஸ் ஒவ்வொன்றும் விளிம்பில் வண்ணத்தைச் சிதறடிக்கும். அடுத்த லென்ஸ் அந்தக் கோளாறையும் சேர்த்துப் பெரிதாக்கும். 1830-இல் ஜோசப் ஜாக்சன் லிஸ்டர் இதற்கு வழி காட்டிய பிறகுதான் கூட்டு நுண்ணோக்கியின் கை ஓங்கியது. 2014-இல் ஸ்டான்ஃபோர்டின் மனு பிரகாஷ் குழு, கடுகளவு கண்ணாடி உருண்டை ஒன்றைத் தாளில் பொதித்து, லேவன்ஹூக்கை மறுபடி களத்தில் இறக்கிவிட்டது.

லென்ஸ் கூடினால் வினையும் கூடும் என்பது எங்கள் ஊரில் இன்னும் உண்மை. இங்கே வினை வண்ணம் இல்லை, பூசணம்.

ஆனியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் இறங்கினால் ஆவணி வரை கொடியில் போட்ட துண்டே காயாது. கூட்டு நுண்ணோக்கியை மரப்பெட்டியில் பூட்டி வைத்தேன். அதுதான் தப்பு, பெட்டியும் உள்ளே ஒட்டிய துணியும் ஈரத்தைப் பிடித்துக்கொண்டன. ஈரத்தை உறிஞ்ச நீலமாகப் போட்ட சிலிகா ஜெல் சீக்கிரமே ஈரம் நிறைந்து இளஞ்சிவப்பானது, நான் மாற்றவில்லை. அடுத்த முறை எடுத்தபோது, தெரிந்த வட்டத்துக்குள் சிலந்தி வலை மாதிரி இழைகள். கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸைத் திருப்பினேன், வலையும் கூடவே சுற்றியது. சரி, ஐபீஸில்தான் என்று கழற்றித் துடைத்தேன். அதற்குள் இரண்டு லென்ஸ்தான், சமாளித்தேன். ஆனால் பொருளுக்கு அருகே இருக்கும் 45 மடங்கு ஆப்ஜெக்டிவிலும் பூசணம், அதை நம்மால் பிரிக்க முடியாது. திருநெல்வேலியில் ரிப்பேர் பார்ப்பவர் விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு, “துடைச்சாலும் தடம் போகாது அண்ணாச்சி, கண்ணாடியவே தின்னுருக்கு” என்றார். பூசணம் அமிலம் கக்கும். அது கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிடும்.

ஃபோல்ட்ஸ்கோப்புக்கு இந்தக் கவலை குறைவு. துடைக்க ஒரே உருண்டை. தாளும் தண்ணீரில் ஊறாத வகை. மின்விசிறிக்குக் கீழே ஆணியில் தொங்குகிறது, அவ்வளவுதான். என்னுடையது கண்டது இரண்டு சாரல். ஐந்தாறு வருஷம் தாங்குமா என்று கேட்டால் கையடித்துச் சொல்ல மாட்டேன்.

குறையும் உண்டு. கை ஆடினால் படமும் ஆடும். ஒருத்தன் பார்த்துவிட்டு அடுத்தவனிடம் நீட்டுவதற்குள் ஃபோகஸ் போய்விடும். காந்தத்தால் போனில் ஒட்டிவிட்டால் பாதித் தொல்லை தீரும். குளத்துத் தண்ணீரில் பாரமீசியம் என்ற ஒற்றைச் செல் உயிரி திரைக்குக் குறுக்கே பாய்ந்தபோது, புளியரையிலிருந்து வரும் பையன், “சார், செருப்பு ஓடுது!” என்று கத்தினான். பாடப்புத்தகத்தில் செருப்பு வடிவம் என்று படித்திருந்தான்.

பிளஸ் டூ செய்முறைத் தேர்வுக்குப் போகிறவர்கள் கூட்டு நுண்ணோக்கியில்தான் கை பழக வேண்டும், அதற்கு மாற்று இல்லை. என்னுடையதை, ஆப்ஜெக்டிவை மட்டும் மாற்றி, கோவில்பட்டியில் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அவள் மகன் பிளஸ் ஒன். அங்கே துண்டு ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும்.