ஏபிசிடி அட்டைப் பெட்டி: வாங்கலாம், நாலு அட்டையைக் கழித்துவிட்டு

சின்னப் பிள்ளைகளுக்கு ஆங்கில எழுத்தைப் படத்தோடு சொல்லித்தரும் ஏபிசிடி அட்டைப் பெட்டி மதுரை மாசி வீதிப் பக்கத்து ஸ்டேஷனரிக் கடைகளில் விதவிதமாகக் கிடைக்கிறது. எந்தக் கம்பெனி என்பதைவிட உள்ளே இருக்கும் படங்கள்தான் முக்கியம். ஐ எழுத்துக்கு ஐஸ்கிரீம், ஜீ எழுத்துக்கு ஒட்டகச்சிவிங்கி (ஜிராஃப்), ஓ எழுத்துக்கு ஆந்தை (அவுல்), எக்ஸ் எழுத்துக்கு சைலஃபோன் இருந்தால் நாலையும் ஓரம் கட்டுங்கள். இந்தப் பெயர்கள் அந்தந்த எழுத்தின் வழக்கமான ஒலியில் தொடங்குவதில்லை. பின் (pin), டின் (tin) போன்ற சொற்களில் வரும் ‘இ’ ஒலி ஐஸ்கிரீமில் எங்கே இருக்கிறது? இட்லியில் இருக்கிறது. பிள்ளையே இட்லி வரைந்து ஒட்டட்டும். எக்ஸின் ஒலி கடைசியில்தான் தெளிவாகக் கேட்கும். பாக்ஸ் படம் போதும்.

பெரிய எழுத்து மட்டும் உள்ள பெட்டி வேண்டாம். வாசிக்கப்போகும் பக்கம் முழுக்கச் சின்ன எழுத்துதான்.

பெட்டியில் உள்ள வரிசையை மறந்துவிடலாம். எஸ், ஏ, டீ, பீ, ஐ, என் (s, a, t, p, i, n) என்ற ஆறு அட்டையை முதலில் எடுங்கள். ஆறிலேயே சிட், பின், டின், டாப் (tap) என்று சொற்கள் பிறந்துவிடும். டீச்சர் அட்டையைத் தூக்கிக் காட்ட, வகுப்பே ‘ஏ ஃபார் ஆப்பிள்’ என்று கத்துவதில் பயன் குறைவு. படத்தை விரலால் மறைத்துக் கேட்டால் பாதிப் பிள்ளைகள் முழிப்பார்கள். ஒரு பெட்டிக்கு நாலு பிள்ளைகள், தரையில், பத்து நிமிடம். எடுப்பதும் அடுக்குவதும் அவர்கள் கை.

சில பெட்டிகளில் உள்ள கியூஆர் கோடு ஒலிப்பதிவைத் தவிர்ப்பது நல்லது. ‘ப’, ‘ன’ என்று இழுத்துச் சொல்கிறார்கள். ப-இ-ன என்று எத்தனை தடவை சேர்த்தாலும் பின் வராது. புள்ளி வைத்துச் சொல்லுங்கள்: ப், இ, ன். ப் சேர் இ, பி என்று தமிழில் படித்த பிள்ளைக்கு இது புதிதே இல்லை.

பீ (p), பி (b) குழப்பம் எல்லா வகுப்பிலும் வரும். தமிழில் இரண்டுக்கும் ஒரே ‘ப’ என்பதால்தான். ‘பம்பரம்’ என்று மெதுவாகச் சொல்லச் சொல்லுங்கள். முதல் ‘ப’ ஒன்று, இரண்டாவது வேறொன்று. இரண்டு ஒலியும் ஏற்கெனவே வாயில் இருக்கிறது, அட்டையோடு இணைப்பதுதான் பாக்கி.

மெல்லிய அட்டை ஃபேன் காற்றில் பறக்கும், கனமானதாக வாங்குங்கள். எழுத்து 26, ஆங்கில ஒலிகளோ ஏறக்குறைய 44. ஷிப் (ship), சேர் (chair), தின் (thin) சொற்களின் முதல் ஒலிக்குப் பெரும்பாலும் அட்டை இருக்காது. பழைய காலண்டர் அட்டையை அதே அளவுக்கு வெட்டி, ஸ்கெட்ச் பேனாவில் எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.