ஹோஸ்ட் குடும்பத்துக்கு என்று மாதப்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

போன வாரம் கருங்கல்லில் இருந்து ஒரு அக்கா அப்பாவைத் தேடி வீட்டுக்கு வந்தார். பத்தாம் வகுப்பு படிக்கும் மகனை எக்ஸ்சேஞ்ச் புரோகிராமில் ஒரு வருஷம் அமெரிக்காவுக்கு அனுப்பப் போகிறார்களாம், அங்கே ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்கிப் பள்ளியில் படிக்க. அந்தக் குடும்பத்தைத்தான் ஹோஸ்ட் குடும்பம் என்பார்கள். ஏஜென்ட் எழுதிக் கொடுத்த செலவுக் கணக்கைக் கையோடு கொண்டுவந்திருந்தார். அதில் நான்காவது வரியைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. 'ஹோஸ்ட் குடும்பத்துக்கு மாதம் 300 டாலர், பத்து மாதம்.' 2022ல் நான் இதே மாதிரிப் போனபோது எங்களுக்கு எழுதிக் கொடுத்துப் பணம் வாங்கிய அதே வரி, அதே தொகை. ஆபீஸ் பெயர் மட்டும் வேறு.

எங்களுக்குக் குலசேகரம் பக்கம். அப்பாவுக்குச் சொந்தமாக நாற்பது சென்ட் ரப்பர் உண்டு, மீதி நாட்களில் மற்றவர்கள் தோட்டத்தில் பால் வெட்டுவார். மார்த்தாண்டத்தில் எங்கள் ஏஜென்டின் ஆபீஸுக்கு முதல்முறை போனபோது அந்த ஆள், "அண்ணாச்சி, நீங்க ஒண்ணும் பயப்படாண்டாம், மக்களுக்கு அங்க ஒரு கொறையும் வராது" என்று சொன்னதை அப்பா அப்படியே நம்பினார். நானும் நம்பினேன். புரோகிராம் கட்டணம் 3,20,000, டிக்கெட் 1,10,000, விசா செலவு 95,000, ஹோஸ்ட் குடும்பத்துக்கு 2,40,000. மொத்தம் 7,65,000 ரூபாய். அம்மாவின் சங்கிலியும் வளையலும் அடகுக்குப் போய்த்தான் கடைசித் தவணை கட்டினோம். பாங்க் வழியாகக் கொடுத்தது 3,20,000 மட்டும், மற்றதெல்லாம் கையில் கொடுத்த பணம், அதற்கு ரசீது கிடையாது.

விசா செலவு என்று வாங்கிய தொகையே பெரிய ஏமாற்று. எக்ஸ்சேஞ்சில் போகிறவர்களுக்குத் தருவது ஜே-1 விசா. அப்போது அதன் விண்ணப்பக் கட்டணம் 160 டாலர், செவிஸ் கட்டணம் (வெளிநாட்டு மாணவர்களை அமெரிக்க அரசு பதிவு செய்துகொள்வதற்கு) 220 டாலர். இரண்டையும் கூட்டினாலும் அன்றைய மதிப்பில் முப்பதாயிரம் ரூபாய்தான் வரும். சரி, அதைக்கூட சர்வீஸ் சார்ஜ் என்று விட்டுவிடலாம். என்னால் இன்றுவரை பொறுக்க முடியாதது அந்த நான்காவது வரி.

2022 ஆகஸ்டில் நெப்ராஸ்காவில் ஒரு சின்ன ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். சுற்றிலும் சோளக்காடு. ஹோஸ்ட் அம்மா முதியோர் இல்லத்தில் சமையல் வேலை, ஹோஸ்ட் அப்பா தானிய லாரி ஓட்டுபவர், அவர்களுக்குச் சின்னப் பையன்கள் இரண்டு பேர். வசதியான வீடு இல்லை. நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்றால், என் அப்பா மாதம் 300 டாலர் கொடுக்கிறார், இவர்கள் அதற்கு ஏற்ற மாதிரி என்னைக் கவனிக்கவில்லை. ராத்திரி அம்மாவிடம் போனில் பேசும்போது (அங்கே ராத்திரி என்றால் இங்கே காலை) இதையேதான் புலம்புவேன். சாப்பாடு பிடிக்கவில்லை, மதியத்துக்கு வெறும் ரொட்டிதான் கட்டித் தருகிறார்கள், பணத்தை வாங்கி என்ன செய்கிறார்களோ என்று. அம்மா அங்கே உட்கார்ந்து அழுவாள். அக்டோபரில் குளிர் தொடங்கியதும் ஹோஸ்ட் அம்மா எனக்குக் கனமான கோட்டும் பனியில் நடக்கிற பூட்ஸும் வாங்கிக்கொண்டு வந்தார். என் பணம்தானே என்று நினைத்து எடுத்துக்கொண்டேன். நன்றி சொன்னேன், ஆனால் வாயால் மட்டும்தான் சொன்னேன்.

டிசம்பரில் பள்ளிக்கூடப் பாட்டுக்குழு ஒரு ஊருக்குப் போவதாக இருந்தது, அதற்கு 60 டாலர். உன் கைச்செலவுப் பணத்தில் இருந்து கட்டிவிடுகிறாயா என்று ஹோஸ்ட் அம்மா கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. மாதாமாதம் எங்கள் அப்பாவிடம் வாங்குகிற 300 டாலரில் இருந்து கட்டக்கூடாதா என்று கேட்டுவிட்டேன். அவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர் குழாயை மூடிவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார். எந்த 300 டாலர் என்று கேட்டார்.

ஹோஸ்ட் அப்பா ஃபைலை எடுத்துவந்து மேசையில் விரித்தார். ஜே-1 விசாவில் போகும் பள்ளி மாணவர்களை வைத்துக்கொள்ளும் குடும்பத்துக்கு யாரும் பணம் கொடுக்கக் கூடாது, அது அமெரிக்க அரசின் விதி. அவர்கள் சும்மா, ஒரு பிள்ளை வந்து இருக்கட்டும் என்று, தங்கள் சம்பளத்தில் எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தார்கள். கோட்டும் பூட்ஸும் அவர்கள் காசு. நாலு மாதமாக நான் அந்த வீட்டில் லாட்ஜில் இருக்கிற மாதிரி இருந்திருக்கிறேன். அன்று ராத்திரி ஹோஸ்ட் அம்மா என் அறைக்கு வந்து, "நாங்கள் உன்னிடம் ஏதாவது குறை வைத்தோமா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் அழுததைத் தவிர ஒரு பதிலும் சொல்லவில்லை.

அப்பா ஏஜென்டுக்குப் போன் போட்டால், பணம் அமெரிக்க ஆபீஸுக்குப் போகிறது என்றார். மறுவாரம் போனையே எடுக்கவில்லை. நெப்ராஸ்காவில் எங்களைப் போன்ற மாணவர்களைப் பார்த்துக்கொள்ளும் உள்ளூர் கோஆர்டினேட்டர் நல்ல மனுஷி. மாணவர்களோடு மாதம் ஒருமுறை பேசியாக வேண்டும் என்று விதி இருப்பதால் அவரைப் பிடிப்பது கஷ்டமாக இல்லை. அவர் மூலமாக, அங்கே இந்தப் புரோகிராமை நடத்தும் ஸ்பான்சர் நிறுவனத்திடம் கேட்டு, ஹோஸ்ட் குடும்பத்துக்கு என்று எந்தப் பணமும் தங்களுக்கு வரவில்லை, வாங்கவும் மாட்டோம் என்று ஒரு மெயில் வாங்கினோம்.

இன்னொரு பொய்யும் உண்டு. திரும்பி வந்தால் நேராகப் பிளஸ் டூவில் உட்காரலாம் என்று ஏஜென்ட் சொல்லியிருந்தார். 2023 ஜூனில் வந்து கேட்டபோது, பிளஸ் ஒன் பொதுத்தேர்வு எழுதாமல் பிளஸ் டூவில் சேர்க்க முடியாது என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். என்னைவிட ஒரு வயது சின்னப் பிள்ளைகளோடு மறுபடி பிளஸ் ஒன். அமெரிக்கப் பள்ளியும் டிப்ளமா தரவில்லை, படித்த பாடங்களின் மதிப்பெண் பட்டியல் மட்டும்தான் தந்தது.

கருங்கல் அக்காவிடம் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். முதலில், எந்த விசா என்று கேளுங்கள். எஃப்-1 விசாவில் தனியார் பள்ளிக்குப் போவது வேறு கணக்கு, அதில் தங்குவதற்குப் பணம் உண்டு. ஜே-1 என்றால் ஹோஸ்டுக்குக் கிடையாது. ஸ்பான்சர் நிறுவனத்தின் பெயரைக் கேட்டு, அமெரிக்க வெளியுறவுத் துறையின் ஜே-1 இணையதளத்தில் உள்ள பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே தேடுங்கள். பிறகு ஜே-1 விசாவுக்காக ஸ்பான்சர் தருகிற டிஎஸ்-2019 என்ற படிவம் வரும், அதிலும் அதே பெயர் இருக்க வேண்டும். ஹோஸ்ட் குடும்பமும் பள்ளியும் உறுதியாகாமல் பிள்ளையை விமானம் ஏற்றக் கூடாது என்பதும் விதிதான், போய்ச் சேர்ந்தபிறகு வீடு பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். கைச்செலவுக்குப் பணம் தனியாக எடுத்து வையுங்கள், அதை ஹோஸ்ட் தலையில் கட்டாதீர்கள்.

நாங்கள் நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்தோம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. கையில் கொடுத்த பணத்தை எங்களால் நிரூபிக்க முடியவில்லை, தீர்ப்புக்கு முன்பே அந்த ஆள் 1,20,000 திருப்பிக் கொடுத்துச் சமாதானம் பேசினார், அடகை மீட்க வேண்டியிருந்ததால் அப்பா ஒத்துக்கொண்டார். உங்களிடமும் இந்த நான்காவது வரியைப் போட்டுப் பணம் வாங்கியிருந்தால் அந்தக் கணக்குத் தாளைக் கிழித்துப் போடாதீர்கள். ஏமாந்தது நடந்து இரண்டு வருஷத்துக்குள் மனு கொடுக்க வேண்டும்.